தனியே நிற்கும் குட்டி: செம்மறிக் குட்டிகளின் நோயைக் கண்டுபிடிக்க, முதல் சில மணி நேரத்தில் காப்பாற்ற முழு வழிகாட்டி

காலையில் பட்டித் தட்டியைத் திறந்ததும் ஆடுகளை உடனே வெளியே ஓட்டிவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, குட்டிகள் எழுந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நன்றாக இருக்கும் குட்டி எழுந்ததும் பின்னங்காலை நீட்டி, முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும். பிறகு ஓடிப்போய்த் தாயின் மடியை முட்டும், வால் படபடவென்று ஆடும். சோம்பல் முறிக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு, தட்டி ஓரமாகத் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறதா? அந்தக் குட்டிக்கு நோய் தொடங்கிவிட்டது. கழிச்சலும் காய்ச்சலும் நம் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே இந்த நிற்றல் வந்துவிடும்.

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில், 14 தாய் ஆடுகளை வைத்திருக்கிறேன். எல்லாம் நம் வட ஆற்காட்டுப் பக்கம் பரவலாக இருக்கும் சென்னைச் சிவப்பு இனம். இந்த இனத்துக் குட்டி பிறக்கும்போது சுமார் இரண்டரை கிலோதான் இருக்கும். அவ்வளவு சிறிய உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் கொஞ்சம்தான். பெரிய ஆடு மூன்று நாள் தாங்கும் கழிச்சலைக் குட்டி ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே குட்டி விஷயத்தில் கூடாது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் காய்ச்சல் மானி ஒன்று (மனிதர்களுக்கு மெடிக்கலில் விற்பதே போதும், ஆட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்), ஊசி இல்லாத 10, 20 மில்லி சிரிஞ்சுகள், டிஞ்சர் அயோடின், நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ரப்பர் நிப்பிள் போட்ட பால் பாட்டில், குட்டியைச் சாக்கில் தொங்கவிட்டு எடை பார்க்க ஒரு கொக்கித் தராசு, ஒரு நோட்டு. இவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கொட்டகையிலேயே மாட்டிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துத் தேடும் நிலை வரக்கூடாது.

படி 1: தூக்கும் முன் பார்ப்பது

குட்டியைப் பிடித்துவிட்டால் பயத்தில் அதன் மூச்சு வேகமாகிவிடும். அதனால் மூச்சை எட்ட நின்றே எண்ணுங்கள். விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில், படுத்திருக்கும் குட்டிக்கு 60-க்கு மேல் போனால் நெஞ்சில் கோளாறு. சித்திரை வைகாசி நடுப்பகலில் எல்லாக் குட்டியுமே இளைக்கும், அந்தக் கணக்கை வைத்துக் கலங்க வேண்டாம்.

அடுத்து தாயைப் பாருங்கள். பலரும் விடுவது இதைத்தான். மடியின் ஒரு பக்கம் வற்றி, மறுபக்கம் காம்பு புடைத்துக் கனத்துத் தொங்கினால், குட்டி அந்தப் பக்கம் குடிக்கவில்லை. குட்டி சோர்ந்ததால் குடிக்கவில்லையா, மடி வீங்கி வலித்துத் தாய் உதைப்பதால் குடிக்கவில்லையா என்று பாருங்கள். மடி சூடாக, கல்லாக இருந்தால் வைத்தியம் தாய்க்கும் சேர்த்துத்தான். எங்கள் பக்கத்து வீட்டு ஆயா பட்டியைத் தாண்டிப் போகும்போதே சொல்லும்: "இன்னாப்பா, அந்தச் செவலையாட்டு மடி கட்டிக் கீது, குட்டி இன்னா ஆச்சு பாரு." குட்டியைப் பார்க்காமலேயே ஆயா சொன்னது ஒருமுறையும் தப்பியதில்லை.

படி 2: கையில் எடுத்துச் சோதிப்பது

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யுங்கள், அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது.

வாய்க்குள் சுண்டுவிரலை விடுங்கள். சூடாக இருந்து, விரலைச் சப்பினால் நல்லது. வாய் ஜில்லென்று இருந்து, சப்பாமல் கிடந்தால் மற்றச் சோதனையெல்லாம் பிறகு. நேரே கீழே "பிறந்த முதல் மூன்று நாள்" பகுதியில் குளிரில் விறைத்த குட்டி பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

காய்ச்சல் மானியின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் விட்டு, குடலின் சுவரில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக விட்டால் புழுக்கைக்குள் குத்தி நின்று தவறான அளவைக் காட்டும். 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயில் நேரத்தில் 104 வரைகூடப் போகலாம். 104.5-ஐத் தாண்டினால் காய்ச்சல். 100-க்குக் கீழே இறங்கினால் காய்ச்சலைவிட மோசம்.

கீழ் இமையை மெதுவாக இறக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல ரோஜாச் சிவப்பு இருக்க வேண்டும். வெளுத்துக் காகிதம் போல இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, குட்டியில் பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவே காரணம். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம் போல நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. கண் குழிந்திருந்தாலும் அதே பொருள்.

பிறகு தொப்புள். வீங்கி ஈரமாக, நாற்றமடித்தால் சீழ். அதையடுத்து முன்னங்கால் முட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். பிறந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் முட்டி சூடாக வீங்கி நொண்டும் குட்டிக்குப் பெரும்பாலும் தொப்புள் வழியாகத்தான் கிருமி போயிருக்கும். அடி பட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்திவிடுகிறார்கள். இதற்கு டாக்டர் போடும் ஊசி மருந்து தொடக்கத்திலேயே வேண்டும், தாமதித்தால் கால் நிரந்தரமாக மடங்கிவிடும்.

கடைசியாக வயிறும் வாலடியும். இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் உப்பியிருக்கிறதா, வால் அடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, என்ன நிறம், ரத்தமோ சளியோ உண்டா என்று பாருங்கள். எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் "குட்டி டல்லா இருக்கு சார்" என்பதற்கும், "காலை ஆறு மணிக்கு 105, மூச்சு 70, மூக்குச் சளி" என்பதற்கும் பெரிய வித்தியாசம். இரண்டாவதைச் சொன்னால் போனிலேயே பாதி வழி கிடைத்துவிடும்.

படி 3: தனியே பிரித்தல், யாரை எப்போது அழைப்பது

பால் குடிக்கும் குட்டியைத் தாயோடு சேர்த்தே பிரியுங்கள். தனியாகக் கட்டினால் கத்திக் கத்தியே தளர்ந்துவிடும். மற்ற ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு, நோய்ப்பட்டதைக் கடைசியாகக் கவனியுங்கள். முதலில் இதைத் தொட்ட கையோடு அங்கே போகக்கூடாது.

எழுந்து நிற்க முடியாத குட்டி, வாய் குளிர்ந்த குட்டி, வலிப்பு வந்தது, ரத்தக் கழிச்சல், வயிறு மேளமாக உப்பியது, 105-க்கு மேல் காய்ச்சல், ஒரே நாளில் இரண்டு குட்டிக்கு ஒரே அறிகுறி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசு கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரமானால் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இல்லையென்றால் 1962-ஐ அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள்.

படி 4: வாயில் ஊற்றும் முன்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் இருக்கிறது. ஆடு வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், கழிந்து தளர்ந்து படுத்திருந்த இருபது நாள் குட்டிக்கு இஞ்சிக் கஷாயம் கொடுத்தேன். தலையை நன்றாக அண்ணாத்திப் பிடித்து, டம்ளரால் ஊற்றினேன். கடகடவென்று தொண்டையில் சத்தம் வந்தது, மூக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே வந்தது. அன்று இரவே மூச்சுத் திணறிச் செத்துப்போனது. கழிச்சலில் பிழைத்திருக்கக்கூடிய குட்டி, நான் நுரையீரலுக்குள் ஊற்றியதில் போனது.

படுத்துக் கிடக்கும் குட்டிக்கு, விரலைச் சப்பாத குட்டிக்கு வாய் வழியாக எதுவும் ஊற்றக்கூடாது. நிற்கும் குட்டிக்குக் கொடுக்கும்போது மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. சிரிஞ்சை வாயின் ஓரத்தில், பல் இல்லாத இடைவெளியில் விட்டு, இரண்டு மூன்று மில்லியாகத் தள்ளி, விழுங்குவதைப் பார்த்த பிறகு அடுத்தது. இருமினால் தலையை உடனே இறக்கிவிடுங்கள். மூங்கில் கொட்டத்தில் பெரிய மாட்டுக்கு ஊற்றும் பழக்கத்தைக் குட்டியிடம் கொண்டுவரவே வேண்டாம்.

பிறந்த முதல் மூன்று நாள்

குட்டி விழுந்ததும் வாய், மூக்கில் உள்ள சவ்வை எடுத்துவிட்டுத் தாயை நக்க விடுங்கள். தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி அறுத்து, டிஞ்சர் அயோடினில் முக்கி எடுங்கள். சும்மா தடவினால் போதாது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றில் சீம்பால் போயிருக்க வேண்டும். குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் இருக்கும்போது வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதைக் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும். குட்டியின் ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி கணக்கு. இரண்டரை கிலோ குட்டிக்கு 125 மில்லி. முதல் நாளில் மூன்று நான்கு வேளை.

இரட்டைக் குட்டி போட்டால் ஒன்று ஏமாந்துவிடும். எப்போதும் சின்னதுதான். கையால் பிடித்துக் காம்பை வாயில் வையுங்கள். தாய்க்குப் பால் இல்லையென்றால் வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் மாட்டுச் சீம்பால் உதவும். ஊரில் மாடு கன்று போட்டால் வீட்டுக்கு வீடு சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்த வீட்டில் சொல்லி வைத்துக் காய்ச்சாத சீம்பால் இரண்டு டம்ளர் வாங்கி, சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் டப்பாவை வைத்துக் கரையுங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும், உள்ளே இருக்கும் எதிர்ப்புச் சத்தும் போய்விடும்.

மார்கழி தை மாதங்களில் ஈரத்தோடு கிடக்கும் குட்டி சீக்கிரம் விறைத்துவிடும். பாலாற்றுப் படுகை ஊர்களிலும் மலையடிவாரத்திலும் விடியற்காலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரைதான் மோசமான நேரம். உடல் சூடு 100-க்குக் கீழே வந்தால் பழந்துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கூடையில் வைக்கோல் போட்டுச் சாக்கால் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வையுங்கள், அல்லது எட்ட நின்று சூடு தரும்படி 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். 98.6-க்குக் கீழே இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள், குடல் வேலை செய்யாது. சூடு ஏறி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகுதான் பால். பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, தலை தூக்காமல் கிடக்கும் குட்டிக்கு உடம்பில் சர்க்கரையும் தீர்ந்திருக்கும். அதை வெறுமனே சூடேற்றினால் வலிப்பு வரலாம். டாக்டர் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகே சூடேற்ற வேண்டும். கொட்டகைக்குள் விறகு மூட்டிப் புகை போடுவது மட்டும் வேண்டாம். குளிருக்குத் தப்பிய குட்டி புகையில் நெஞ்சடைத்துப் போகும்.

கழிச்சல்

குட்டிகள் சாவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருந்தைத் தேடும் முன் குட்டியின் வயதைக் கேளுங்கள். பிறந்த நான்கு நாளுக்குள் மஞ்சளாகத் தண்ணீர் போலப் போனால் அழுக்குக் காம்பு, அழுக்குத் தரை, சீம்பால் குறைவு ஆகியவற்றால் வரும் கிருமிக் கழிச்சல். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை, கருத்த நிறத்தில், சளியும் ரத்தமும் கலந்து, முக்கி முக்கிப் போனால் ரத்தக் கழிச்சல் என்னும் காக்ஸிடியா நோயை (கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியால் வருவது)ச் சந்தேகிக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போகத் தொடங்கிய குட்டியிடம் நாள்பட்ட கழிச்சலும் வெளுத்த இமையும் இருந்தால் குடற்புழு. காய்ச்சலும் மூக்குச் சளியும் வாய்ப்புண்ணும் சேர்ந்திருந்தால் அது வெறும் கழிச்சல் இல்லை, ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம்.

எந்தக் கழிச்சலானாலும் கொல்வது தண்ணீர் வற்றல்தான். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், பாதி டம்ளர் என்று கண்மதிப்பில் கலக்கக்கூடாது. ஐந்து கிலோ குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை 50 முதல் 100 மில்லி வரை, நாளுக்கு அரை லிட்டர் போகலாம். பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ்.ஸைப் பாலில் கலக்காமல், இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். வால் அடியை வெந்நீரில் கழுவித் துடைத்து வேப்பெண்ணெய் தடவினால் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது தப்பும்.

புதிதாகப் போட்ட கழிச்சலைப் பாலிதீன் கவரில் கொஞ்சம் எடுத்து, வெயில் படாமல் மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காக்ஸிடியாவுக்குக் குடற்புழு மருந்து கேட்காது, குடற்புழுவுக்குக் காக்ஸிடியா மருந்து கேட்காது. நமக்கு வாங்கிய கழிச்சல் நிற்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் ஆபத்து, கிருமியை உள்ளேயே அடைத்துவிடும். மாதுளைத் தோலோ கொய்யாக் கொழுந்தோ அரைத்துக் கொஞ்சம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, குட்டி நின்று, தானே விழுங்கினால். அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றில்லை.

ஐப்பசி மழையில் கொட்டகைத் தரை சேறாகும் வாரங்களில்தான் ரத்தக் கழிச்சல் கிளம்பும். தரையைச் சுரண்டி எடுத்து, உலரவிட்டு, புதுக் காய்ந்த மண் போடாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பத்து நாளில் திரும்ப வரும். தீவனத் தொட்டிக்குள் குட்டி ஏறிப் படுக்காதபடி குறுக்குக் கம்பு கட்டுங்கள். தொட்டியில் விழும் புழுக்கைதான் அடுத்த குட்டியின் நோய்.

வயிறு உப்புசமும் கல்யாண வீட்டுச் சோறும்

மீந்த சோற்றைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அன்பாகத்தான் கொட்டுகிறார்கள். ஆனால் சோறும் கஞ்சியும் அளவுக்கு மீறிப் போனால் வயிற்றில் புளித்து அமிலமாகி, குட்டி தள்ளாடி, நுரைத்த கழிச்சலோடு படுத்துவிடும். எவ்வளவு சாப்பிட்டது என்று பார்த்து உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். குட்டி நிற்கும் நிலையில் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

மழைக்குப் பின் தளிர்ப் புல்லை வேகமாக மேய்ந்து உப்பினால், முன்னங்காலை வரப்பில் ஏற்றி நிறுத்தி, இடது வயிற்றைத் தேய்த்து, வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கொடுத்து மெல்ல விடுங்கள், ஏப்பம் வரும். நுரைப்பாக இருந்தால் கடலை எண்ணெய் 20, 30 மில்லி உதவும். அறுத்த தூரிலிருந்து மறுதாம்பாகத் துளிர்த்த இளஞ்சோளப் பயிரில் மேய்ந்து விழுந்தால் அது உப்புசமே இல்லை, விஷம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இரவு நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடந்தது

பட்டியிலேயே கொழுத்த, அழகான குட்டி இப்படிப் போனால் துள்ளுமாரியை நினையுங்கள். ஆடி ஆவணியில் புதுப்புல் முளைக்கும்போதும், தானியம் திடீரெனக் கூடும்போதும், குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி பெருகி நஞ்சு விடுகிறது. கழுத்து பின்னால் வளைந்து, துள்ளித் துடித்து விழும். அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இருக்காது, தடுப்பூசி மட்டும்தான் வழி. சினையாட்டுக்கு ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் போகும். குட்டிக்கு மூன்றாம் மாதம் போட்டு, சில வாரத்தில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன்.

செத்த ஆட்டின் மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருத்த ரத்தம் வழிந்தால், வயிறு வேகமாக உப்பினால், கைவைக்காதீர்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம், வேலூர்ப் பகுதிக்கு அது புதிதில்லை. அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் சூழ்ந்த பகுதி நமது. தோலுக்காவது காசு வரட்டுமே என்று தோன்றும். உடம்பைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு விதை போலாகி, மண்ணில் பல்லாண்டு கிடக்கும், உரித்தவருக்கும் வரும். மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து சொன்னபடி ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

இருமல், காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம்

சந்தைக் குட்டி வந்த பத்து நாளுக்குள் பட்டியில் காய்ச்சல் கிளம்பினால் ஆட்டுக்கொல்லி நோய் சந்தேகம். 104 முதல் 106 வரை காய்ச்சல், கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, பல் ஈறில் தவிடு ஒட்டியது போலப் புண், பிறகு கழிச்சல். ஒடுகத்தூர் சந்தையிலோ கே.வி.குப்பம் சந்தையிலோ வாங்கி வரும் எந்தக் குட்டியையும் 21 நாள் தனியே வையுங்கள். இடமில்லையென்றால் கொல்லையில் மரத்தடியில் கட்டினாலும் போதும். முடியில்லாத இடங்களில், அதாவது வாலடி, அக்குள், முகத்தில் கொப்புளம் வந்தால் ஆட்டு அம்மை. ஐப்பசி முதல் தை வரை முகம் வீங்கி, வாய் ஊதா நிறமாகி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நொண்டினால் நீலநாக்கு நோய். அதைப் பரப்புவது கொசுவைவிடச் சின்னக் கடிப் பூச்சி, தேங்கிய சேற்றில் பெருகும். உதட்டு ஓரத்தில் மட்டும் பொருக்குப் புண் வந்தால் பெரும்பாலும் தானே ஆறும், ஆனால் நம் கைக்கும் ஒட்டும். கையுறை போட்டுக்கொண்டு மருந்து தடவுங்கள்.

வெளுத்த இமை

இமை வெளுத்து, சாயங்காலம் தாடைக்கடியில் பை போல வீக்கம் தொங்கினால் குடற்புழு முற்றிவிட்டது. மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள். குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் சாகாத புழு அந்த மருந்துக்கே பழகிவிடும். ஆல்பெண்டசோலை சினையின் முதல் மாதத்தில் உள்ள தாய்க்குக் கொடுக்கக்கூடாது. பனி இறங்கும் மாதங்களில் புல்லில் ஈரம் காயும் முன் குட்டிகளை ஓட்டாதீர்கள். ஏறக்குறைய ஒன்பது மணிக்குள் ஈரம் காயும். புழுவின் இளம்பருவம் ஈரத்தோடு புல் நுனிக்கு ஏறி நிற்கும்.

தடுப்பூசிக் கணக்கு

துள்ளுமாரி மேலே சொன்னபடி. ஆட்டுக்கொல்லிக்கு மூன்று நான்கு மாத வயதில் ஒருமுறை, மூன்று ஆண்டுக்குத் தாங்கும். அம்மைக்கு மூன்று மாதத்துக்கு மேல், ஆண்டுக்கு ஒருமுறை. 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நம் இராணிப்பேட்டையில்தான் இருக்கிறது, மாநிலத்துக்கே அங்கிருந்து தடுப்பு மருந்து போகிறது. வீட்டு வாசலில் இருப்பதை நாம் போடாமல் விடக்கூடாது. முகாம் எப்போது என்று மருந்தகத்தில் கேட்டு, ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துப் போடுங்கள். காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்கு அன்று வேண்டாம்.

தேறிய பின்

கழிச்சல் நின்று, புழுக்கை உருண்டையாகி இரண்டு நாள் கழித்துத்தான் கூட்டத்தில் விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை சாக்கில் தொங்கவிட்டு எடை பாருங்கள். வாரம் அரை கிலோவாவது ஏறவில்லையென்றால் நோய் முழுதாகப் போகவில்லை, மறுபடி இமையிலிருந்து பார்த்து வாருங்கள். என் நோட்டில் போன தை மாதம் எழுதியது இது: "சின்னப் பெட்டை, 3 கிலோ 200, ரத்தக் கழிச்சல், இமை வெளுப்பு." அதற்கு நான்கு வாரம் கீழே: "5 கிலோ 600. காலையில் சோம்பல் முறித்தது."